டோர்ட்முண்ட் முதல் பெர்லின் வரை: கால்பந்து கேலரிகளின் வழியே

வெள்ளி, டோர்ட்முண்ட்

டோர்ட்முண்ட் நகரின் வடபகுதியில் போர்சிக்பிளாட்ஸ் என்னும் வட்டச் சந்தி இருக்கிறது. இரும்பாலைத் தொழிலாளர்கள் குடியிருந்த இந்தப் பகுதியில், கால்பந்தாட்டத்தை விரும்பாத பாதிரியாரோடு முரண்பட்ட இளைஞர்கள் சிலர், 1909 டிசம்பர் 19 அன்று ஒரு மதுக்கடையின் மாடியறையில் கூடித் தங்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய போருசியா டோர்ட்முண்ட். கோப்பை வென்றால் அணியின் ஊர்வலம் இன்றும் இந்தச் சந்தியைச் சுற்றித்தான் வருகிறது. இன்று மாலை அங்கே திருவிழாக் கோலம் எதுவும் இல்லை. ஆனால் கடைக் கண்ணாடிகளிலும் வீட்டுப் பலகணிகளிலும் மஞ்சளும் கறுப்பும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

நான் வந்த நோக்கத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சென்னை நேரு விளையாட்டரங்கில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டங்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். பறையோடும் பாட்டோடும் தொண்டை கட்டும்வரை அணியைத் தூக்கிப் பிடிக்கும் நண்பர்கள் அங்கே எனக்கு உண்டு. ஆனால் அந்த உற்சாகம் ஒரு பகுதிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மீதி அரங்கை ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் கொண்டு நிரப்பப் பார்க்கிறார்கள். அரங்கம் முழுவதையும் பேச வைப்பது எது என்று பார்த்து அறிய வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் காரணம்.

முதல் பாடம் டோர்ட்முண்ட் அரங்கத்தின் கட்டுமானத்திலேயே கிடைத்தது. 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட இந்த அரங்கம், கொலோன் நகரம் பின்வாங்கியதால் டோர்ட்முண்டுக்கு வந்த வாய்ப்பு. ஓட்டப் பாதையோடு கூடிய பெரிய அரங்கம் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை. ஆகவே முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டு, பாதையை விட்டுவிட்டு, புல்தரையை ஒட்டியே கேலரிகளைச் சிக்கனமாக எழுப்பினார்கள். பிற்காலத்தில் ஐரோப்பா எங்கும் பொறாமையோடு பேசப்பட்ட நெருக்கம் அந்தப் பணத் தட்டுப்பாட்டில் விளைந்தது.

சனி, டோர்ட்முண்ட்

இன்று என்னை அழைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் இங்கு வந்த ஒருவர். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் எழுந்த இந்த வட்டாரத்தில் ஈழத் தமிழர் பலர் வாழ்கிறார்கள்; அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கழகம் குடும்ப விஷயம். தெற்கு கேலரியில் நின்று பார்ப்பதற்கான சீசன் டிக்கெட்டை அவர் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். மகளுக்கும் ஒன்று உண்டு. அவளுக்கு இன்று வேறு வேலை என்பதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

ரயிலில் எங்களிடம் தனியாகப் பயணச்சீட்டு கேட்கவில்லை. ஆட்ட டிக்கெட்டே அந்த வட்டாரம் முழுவதற்கும் பயணச்சீட்டாகச் செல்லும். இதைச் சிறு சலுகை என்று கடந்துவிடக் கூடாது. எல்லோரும் ரயிலில் வருவதால் பாட்டு ரயில் பெட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. அரங்கின் வாசலுக்கு வரும்போது கூட்டம் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டிருக்கிறது. தனித்தனிக் காரில் வந்து வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களைக் கொண்டு இப்படி ஒரு கூட்டத்தை உருவாக்க முடியாது.

தெற்கு கேலரியில் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கலாம். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நின்று பார்க்கும் கேலரி இதுதான். அகலம் சுமார் 100 மீட்டர், உயரம் 40 மீட்டர். மேற்பகுதியில் சாய்வு 37 பாகையை எட்டுகிறது. படிகளில் ஏறி முதன்முறை திரும்பிப் பார்த்தபோது, முன்னால் நிற்பவரின் தலை என் முழங்கால் உயரத்தில் இருப்பதைக் கண்டேன். எவரும் எவரையும் மறைப்பதில்லை. தலைக்கு மேலே தாழ்வாக இறங்கும் கூரை சத்தத்தை வெளியே விடாமல் புல்தரைக்கே திருப்பி அனுப்புகிறது.

டிக்கெட்டில் இருக்கை எண் இல்லை. எங்கே நிற்பது என்று நான் தடுமாறியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இஞ்சை நம்பர் ஒண்டும் இல்லை. ஆனா எல்லாரும் அவையவையின்ர இடத்திலதான் நிக்கினம். இந்தக் கம்பிக்குப் பக்கத்தில நானும் மகளும், பின்னால அந்தத் தாடிக்காரர், அங்கால அந்த அம்மா. இருபது வருஷமா இப்பிடித்தான்." அந்த அம்மாள் எழுபதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும், மகள் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

விலையைப் பற்றியும் பேசினோம். இந்தக் கேலரியில் ஓர் ஆட்டத்துக்கு 20 யூரோவை ஒட்டித்தான் ஆகிறது. இந்தக் கழகம் 2005 மார்ச்சில் திவாலாகும் விளிம்புவரை போய் மீண்டது. 2013இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை சென்றது. இரண்டு காலத்திலும் இந்தக் கேலரியின் விலையை அவர்கள் எட்டாத உயரத்துக்குக் கொண்டு போகவில்லை. "இது கூடினா மகள் வரமாட்டாள், மகள் வராட்டி நானும் வரமாட்டன்," என்றார் அவர். தொண்டை நோகப் பாடும் வயது பதினாறு முதல் முப்பது வரை. அந்த வயதில் கையில் பணம் இருப்பதில்லை. விலையை ஏற்றிவிட்டு அரங்கம் அமைதியாகிவிட்டதே என்று பின்னால் வருந்துவதில் பயனில்லை.

"முதல் பத்து நிமிஷம் கத்தாதேங்கோ, கேளுங்கோ. பிறகு உங்களுக்கே வாய் வரும்," என்று சொல்லியிருந்தார். கேட்டேன். கேலரியின் அடிவாரத்தில், வேலியின் மேல் அமைந்த சிறு மேடையில் ஓர் இளைஞர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பஜனையில் முதலடி எடுத்துக் கொடுப்பவரைப் போல அவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, மேளம் பிடித்துக்கொள்ள, கீழ்வரிசை பாட, பாட்டு படிப்படியாக மேலே ஏறி எங்களை வந்தடைந்தது. தொண்ணூறு நிமிடமும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே ஆட்டத்தின் போக்கைத் தெரிந்துகொண்டார். இந்த உழைப்புக்குக் கழகம் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. அது தரும் உதவி வேறு: ஆட்டத்துக்கு முந்தைய கடைசி நிமிடங்களில் ஒலிபெருக்கியை அடக்கிவைக்கிறது, கொடிகளையும் மேளத்தையும் உள்ளே விடுகிறது, பெரிய ஓவியத் திரைகளைத் தொங்கவிட இடம் தருகிறது. 2013 ஏப்ரலில் மலாகா அணிக்கு எதிரான காலிறுதியில், தொலைநோக்கி வழியே கோப்பையைத் தேடும் ரசிகர் ஒருவரின் பேருருவத்தைக் கயிறுகளால் இழுத்து இந்தக் கேலரியின் முன் எழுப்பியது, ரசிகர்கள் வாரக்கணக்கில் கையால் வரைந்து செய்த வேலை.

ஒரு குறையையும் எழுத வேண்டும். ஆட்டத்தில் என்ன நடந்தாலும் பாட்டு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து நிமிடங்கள் இருந்தன. எதிரணியின் வாய்ப்பொன்றைக் கோல்காப்பாளர் பாய்ந்து தடுத்தபோது எழுந்திருக்க வேண்டிய ஆரவாரம் அந்தப் பாட்டுக்குள் அமுங்கிப் போனது. களத்தில் நடப்பதற்கு உடனுக்குடன் பதில் சொல்வது கூட்டத்தின் முதல் கடமை என்று நான் நினைக்கிறேன். பாட்டு அதற்குப் பிறகுதான்.

ஞாயிறு, ஹாம்பர்க்

காலை ரயிலில் வடக்கே வந்து, பிற்பகல் சாங்க்ட் பவுலி கழகத்தின் மில்லர்ன்டோர் அரங்கில் நின்றேன். நகரின் நடுவில், பொருட்காட்சித் திடலின் ஓரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரம்மாண்டமான கான்கிரீட் பதுங்குகோபுரத்தின் நிழலில் இருக்கிறது இது. கொள்ளளவு 29,500ஐ ஒட்டியது. பாதிக்கு மேல் நின்று பார்க்கும் இடங்கள். முக்கியமான வேறுபாடு, கோலுக்குப் பின்னால் மட்டுமின்றி, களத்தின் நீளவாக்கிலும் பல்லாயிரம் பேர் நிற்கிறார்கள். அதனால் பாட்டு ஒரு மூலையில் அடைபடாமல் இரண்டு கேலரிகளுக்கும் இடையே கேள்வியும் பதிலுமாகப் போய்வருகிறது.

எண்பதுகளில் இங்கே கூட்டம் மிகக் குறைவு. துறைமுகத் தெருவில் காலி வீடுகளில் குடியேறிப் போராடிவந்த இளைஞர்கள் மைதானத்துக்கு வரத் தொடங்கினார்கள். மண்டையோட்டுக் கொடி அவர்களோடு உள்ளே வந்ததுதான். மற்ற மைதானங்களில் நவநாஜிகள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1991இல் இந்தக் கழகம் இனவாத, வலதுசாரித் தீவிரவாத அடையாளங்களுக்கும் கோஷங்களுக்கும் தன் அரங்க விதிகளிலேயே தடை விதித்தது. ஜெர்மனியில் அதில் இதுவே முன்னோடி. கேலரியில் என் அருகே தனியாக வந்த பெண்கள் பலர் இருந்தார்கள். தோளில் குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். யாரையும் இழிவுபடுத்தாமல் உரக்கப் பாட முடியும் என்பதை நேரில் பார்த்தேன். நம் அரங்குகளில் நடுவரின் தாயையும் எதிரணி வீரரின் நிறத்தையும் இழுக்கும் கோஷம் எழும்போது, குடும்பத்தோடு வந்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு வருவதில்லை. நல்ல சூழல் வேண்டுமென்றால் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்.

இடைவேளையில் கொடி பிடித்த தொண்டர்கள் காலிக் குவளைகளைச் சேகரித்தார்கள். குவளைக்கு முன்பணம் உண்டு. திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது குவளையை இவர்களிடம் கொடுத்தால் அந்தத் தொகை குடிநீர்த் திட்டங்களுக்குப் போகும். இக்கழகத்தில் ஆடிய பெஞ்சமின் ஆட்ரியன், கியூபாவில் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தபின் தொடங்கிய அமைப்பு அது. என் முன்வரிசையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் கைக்கு அடங்காத அளவு குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோபுரம் சாய்ந்துவிடாமல் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். பெரியவர்கள் பாட்டை நிறுத்தாமலே அவனுக்கு வழிவிட்டார்கள்.

திங்கள், ஹாம்பர்க்

ஆட்டம் இல்லாத நாள் என்பதால் ரசிகர் பணியில் ஈடுபட்டிருக்கும் சிலரோடு உட்கார்ந்து பேச முடிந்தது. ஜெர்மனியில் ஏறக்குறைய எல்லாப் பெரிய கழகங்களின் ஊர்களிலும் ரசிகர் திட்டம் என்ற பெயரில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். 1981இல் பிரெமெனில் முதலாவது தொடங்கியது. 1993இல் நாடு தழுவிய ஏற்பாடாகியது. செலவைக் கால்பந்து அமைப்புகளும் மாநிலமும் நகராட்சியும் பகிர்ந்துகொள்கின்றன. இவர்கள் காவல்துறையின் ஆட்களும் அல்லர், கழகத்தின் ஆட்களும் அல்லர். இளைஞர்களோடு வெளியூர் ஆட்டங்களுக்குப் போகிறார்கள், வழக்கில் சிக்கியவனுக்கு வழிகாட்டுகிறார்கள், வீட்டில் சிக்கல் உள்ளவனுக்குக் காது கொடுக்கிறார்கள். ரசிகனைத் தொல்லையாகப் பார்க்காத ஒருவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

தீப்பந்தம் கொளுத்துவதில் மட்டும் அவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. அது இங்கே தடை செய்யப்பட்டது. கழகங்கள் தொடர்ந்து அபராதம் கட்டுகின்றன. அழகாக இருக்கிறது என்பது உண்மை. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் நடுவே அவ்வளவு வெப்பத்தில் எரியும் ஒன்றைக் கையில் பிடிப்பது ஆபத்து என்பதும் உண்மை.

பேச்சு 50+1 விதிக்கு வந்தது. 1998இல் கழகங்கள் தங்கள் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக்க அனுமதித்தபோது, வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்ட தாய்க்கழகத்திடமே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். லெவர்குசென், வொல்ஃப்ஸ்பர்க் போன்ற கழகங்களுக்கு விலக்கு உண்டு. 2009இல் தோன்றிய லைப்சிக் கழகம், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை மிகச் சிலராகவே வைத்துக்கொண்டு விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றியது என்ற கோபம் இன்றும் தணியவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் கேலரியில் நிற்பவர் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் கை தூக்கவும் உரிமை உள்ளவர். சாங்க்ட் பவுலியில் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 நவம்பரில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பங்குகளை ரசிகர்களுக்கு விற்கத் தொடங்கி, 2 கோடி யூரோவுக்கு மேல் திரட்டி, அரங்கத்தின் பெரும்பான்மை உரிமையை அந்தச் சங்கத்தின் கைக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்தார்கள்.

உரிமை இருப்பதால்தான் எதிர்ப்புக்கும் பலம் இருக்கிறது. 2012 டிசம்பரில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கண்டித்து நாடெங்கும் கேலரிகள் 12 நிமிடம் 12 விநாடி வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் ஆட்டம் எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் உணர்ந்தார்கள். 2023 டிசம்பரில், ஒளிபரப்பு வருவாயில் 8 விழுக்காட்டை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க லீக் முடிவெடுத்தபோது, வாரந்தோறும் களத்தில் டென்னிஸ் பந்துகள் மழையாய் விழுந்தன. ஆட்டங்கள் அரைமணி நேரம்வரை நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

செவ்வாய், ஹாம்பர்க்–பெர்லின் ரயில்

நின்று பார்ப்பது ஆபத்து இல்லையா என்று சென்னை நண்பர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். நியாயமான கேள்வி, இங்கிலாந்தைக் குறிப்பிட்டே பதில் எழுதினேன். 1989இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் வந்த, நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கையின் வழியே மேல்நிலைப் பிரிவு அரங்குகளெல்லாம் இருக்கை அரங்குகளாயின. ஆனால் நிரம்பி வழிந்த கூண்டுக்குள் மேலும் மக்களை அனுப்பிய காவல்துறையின் தவறும், வெளியேற முடியாதபடி அடைத்த வேலியுமே அந்தச் சாவுகளுக்குக் காரணம்; அவை சட்டவிரோதக் கொலைகள் என்று 2016இல் மரண விசாரணையின் ஜூரி முடிவு சொன்னது. இருக்கை போட்டபின்னும் மக்கள் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தாங்கிப் பிடிக்கக் கம்பி இல்லாமல் நின்றார்கள் என்பதுதான் வேறுபாடு. வரிசைக்கு வரிசை இடுப்புயரக் கம்பி வைத்து நிற்பதை 2022 முதல் அங்கும் அனுமதித்துவிட்டார்கள்.

விலையிலும் இங்கிலாந்து ஒரு பாடம். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணி 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது, ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அடுத்த சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள்.

வெள்ளி, பெர்லின்

ஒலிம்பிக் அரங்கத்தை நான் வேண்டுமென்றே இந்தப் பயணத்தில் சேர்த்தேன். 1936இல் கட்டப்பட்டது, 2006 உலகக் கோப்பை இறுதி நடந்த இடம், 74,000 பேருக்கு மேல் கொள்ளும். ஹெர்தா அணி இங்கே ஆடுகிறது. கிழக்கு வளைவில் நிற்கும் அதன் ரசிகர்கள் டோர்ட்முண்ட்காரர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். கழுத்துத்துண்டுகளை உயர்த்தி அவர்கள் பாடியபோது உடல் சிலிர்த்தது. ஆனால் அவர்களுக்கும் களத்துக்கும் இடையே நீலநிற ஓடுதளம் கிடக்கிறது. எதிர்ப்புறம் மாரத்தான் வாயில் திறந்து கிடப்பதால் சத்தம் அந்த வழியே வெளியேறிவிடுகிறது. மறுமுனையில் இருந்த எனக்குப் பாட்டின் சொற்கள் தேய்ந்துதான் வந்து சேர்ந்தன. வளைவுக்குள் எத்தனை உழைத்தாலும் இந்தத் தூரத்தைக் குரலால் கடக்க முடியாது. சென்னை அரங்கில் இருக்கும் சிக்கலும் இதுவேதான். ஓடுதளத்தை உடைக்க முடியாவிட்டாலும், சிதறிக் கிடக்கும் கூட்டத்தை ஒரே பக்கமாகக் கூட்டினால், மேல்தளத்தைப் பூட்டிவிட்டுக் கீழ்த்தளத்தை நிரப்பினால், பாதி குறை தீரும் என்று தோன்றியது.

சனி, பெர்லின், கியோபெனிக்

எஸ் 3 ரயிலில் இறங்கி, மரங்களுக்கு நடுவே மண்பாதையில் நடந்து போனால் யூனியன் பெர்லின் அரங்கம். 22,012 பேருக்கான இடத்தில் 18,395 நின்று பார்ப்பவர்களுக்கு. மூன்று பக்கமும் இருக்கையே இல்லை.

கிழக்கு ஜெர்மனியில் 1966இல் உருவான இந்தக் கழகம் பணமில்லாமல் தத்தளித்ததே அதன் வரலாற்றின் பெரும்பகுதி. 2004இல் உரிமம் பெறத் தேவைப்பட்ட பிணைத்தொகைக்காக ரசிகர்கள் இரத்த தானம் செய்து, கிடைத்த தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். படிகளில் புல் முளைத்து, அரங்கம் விதிகளுக்குப் பொருந்தாமல் போனபோது, 2008–09இல் 2,000க்கு மேற்பட்ட ரசிகர்கள், ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் ஊதியமின்றி உழைத்து அதைப் புதுப்பித்தார்கள். வேலையற்றவர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்களும் கான்கிரீட் சுமந்தார்கள். அரங்கின் வெளியே சிவப்புத் தொழிலாளர் தலைக்கவசத்தோடு அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் அதில் ஒரு பெயரைத் தன் மகனுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னர் படியில் நின்றபோது, என் காலடிக் கான்கிரீட்டின் விளிம்பில் ஓரிடம் சற்றே கோணலாக இருந்தது. தொழில்முறைக் கொத்தனார் கை அல்ல அது. அதை மிதித்து நிற்கவே மனம் கூசியது.

இங்கே எழுதப்படாத ஒழுங்கு மூன்று உண்டு. கடைசி விசில் வரை வெளியேறுவதில்லை. சொந்த வீரரை ஏசுவதில்லை. ஒருவரைப் பிடித்துப் பழி போடுவதில்லை. அறிவிப்பாளர் வீரர் ஒவ்வொருவரின் பெயரைச் சொல்லும்போதும், "கால்பந்துக் கடவுள்" என்று அரங்கமே முடிக்கிறது. நட்சத்திரமா, புதிதாக வந்தவரா என்ற பேதம் இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு பின்கள வீரர் பந்தைத் தவறவிட்டு ஆபத்தை உண்டாக்கினார். எனக்குப் பழகிய அரங்குகளில் அந்த நொடியில் எழுந்திருக்கக்கூடிய வசவை எதிர்பார்த்தேன். ஒரு கணம் மூச்சடங்கிய கூட்டம், உடனே முன்பைவிட உரக்கப் பாடத் தொடங்கியது. அந்த வீரர் அடுத்த பந்துக்கு ஓடினார். ஆட்டத்தைக் கூட்டம் மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் கண்டதில்லை.

2019இல் முதன்முறையாக முதற்பிரிவுக்கு உயர்ந்து, லைப்சிக் அணியோடு முதல் ஆட்டம் ஆடியபோது, அந்த நாளைக் காணாமல் இறந்துபோன 455 ரசிகர்களின் பெரிய படங்களை உறவினர்களும் நண்பர்களும் உயர்த்திப் பிடித்தார்கள். கழகம் அவர்களையும் பார்வையாளர் கணக்கில் சேர்த்து 22,467 என்று அறிவித்தது. அதே ஆட்டத்தின் முதல் 15 நிமிடங்கள் எதிரணியின் உரிமை அமைப்பைக் கண்டித்து அரங்கம் மௌனம் காத்தது. அன்பும் எதிர்ப்பும் ஒரே கூட்டத்தின் ஒரே பிற்பகலில் நடந்தவை. கிறிஸ்துமஸையொட்டி டிசம்பர் 23 அன்று இங்கே கூடிப் பாடும் வழக்கமும், 2003இல் மூடிய அரங்குக்குள் நுழைந்து பாடிய 89 பேரிடம் தொடங்கியதுதான். இப்போது அரங்கமே நிரம்புகிறது.

ஞாயிறு, பெர்லின் விமான நிலையம்

சென்னை நண்பர்களுக்கு அனுப்பும் கடிதத்தை இங்கேயே எழுதி முடித்தேன். அடுத்த பருவம் தொடங்குமுன் அரங்க நிர்வாகத்திடம் நேரில் சென்று கேட்க வேண்டியவை: களத்துக்கு மிக அருகே உள்ள ஒரே பகுதியை இருக்கை எண் இல்லாமல், மாணவர்களால் வாங்கக்கூடிய ஒரே விலையில் ஒதுக்குவது, ஆட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடமும் ஆட்டத்தின்போதும் ஒலிபெருக்கி இசையை நிறுத்துவது, பறைக்கும் கொடிகளுக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக அனுமதி கேட்கவைக்காமல் பருவம் முழுவதற்கும் ஒரே அனுமதி தருவது, ஆட்டம் முடிந்தபின் திரும்பிப் போகப் பேருந்தும் ரயிலும் கிடைக்கும் நேரத்தில் ஆட்டத்தை வைப்பது. எங்கள் பங்குக்கு, வசவுக் கோஷம் எழுந்தால் அதைவிட உரத்த பாட்டை உடனே எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஆட்டத்துக்கு இருவரிடம் ஒப்படைப்பது என்று எழுதினேன். முதல் இரண்டு பெயர்களில் என் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.